மெழுகுத்திரியும் செம்பனையும்

டிசம்பர் திங்கள் பிறந்துவிட்டால் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்க் கிறித்துவர் இல்லங்கள் சிலவற்றில் அடுப்பின்மீது மெழுகு உருகத் தொடங்கும். தீபாவளிக்கு அகல்விளக்கின் அருகே வண்ணத்திரி ஏற்றும் இந்து இல்லங்களும் உண்டு. வீட்டிலேயே அழகு மெழுகுத்திரி வார்க்கும் இப்பழக்கத்தை மேனாட்டார் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அத்திரியின் வரலாற்றைத் துருவிச் சென்றால், அது நம்மவர் வியர்வை சிந்திய மண்ணுக்கே வந்து சேர்கின்றது.

வார்க்கும் முறை கடினமானதன்று. மெழுகை நேரே நெருப்பில் வைத்தல் ஆகாது, எளிதில் தீப்பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்த மற்றொரு பாத்திரத்திலேயே அதனை உருக்குதல் வேண்டும். காலியான பால் டின்னே நல்ல அச்சாகும். பருத்தித் திரியைக் குச்சியொன்றில் கட்டி நடுவே தொங்கவிட்டு மெழுகை ஊற்றுவர். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதனை மறுபடியும் ஊற்றி நிரப்புவர். பாரபின் மெழுகை மட்டும் வார்த்தால் நம் நாட்டு வெப்பத்தில் திரி தளர்ந்து சாய்ந்துவிடக்கூடும். எனவே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பர். திரிக்கு உறுதியையும் வெண்மையையும் தருவது அதுவே. அச்சிலிருந்து எளிதில் கழலச் செய்வதும் அதுவே.

இவ்வமிலம் வருமுன் ஐரோப்பாவில் தேவாலயங்களில் தேன்மெழுகும், ஏழையர் குடிசைகளில் புகையும் நாற்றமும் மிக்க விலங்குக் கொழுப்பும் எரிந்தன. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கொழுப்பைப் பகுத்து ஆராய்ந்து, 1825இல் கே-லுசாக்குடன் இணைந்து இவ்வமிலத்தால் திரி செய்ய உரிமை பெற்றார். இலண்டனில் வில்லியம் வில்சனும் பெஞ்சமின் லங்காஸ்டரும் 1830இல் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் இத்தொழிலைப் பெருக்கிற்று. (அந்நிறுவனத்தில் பிரைஸ் என்று ஒருவர் இருந்ததே இல்லை. மெழுகுத்திரி வணிகம் மதிப்புக் குறைவானது என்று கருதப்பட்டமையால் முதலாளிகள் புனைபெயரில் மறைந்துகொண்டனர்.) முதலில் இலங்கைத் தென்னந்தோட்டங்களையும், பின்னர் மேற்கு ஆப்பிரிக்கச் செம்பனை எண்ணெயையும் அது நாடிற்று. செம்பனை வாணிகம் வளர்ந்தால் அடிமை வாணிகம் ஒழியும் என்று அந்நாளில் பேசப்பட்டது. அதே நூற்றாண்டில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அவர்களைப் பற்றி அப்பேச்சில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆப்பிரிக்கச் செம்பனை 1848இல் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவை அடைந்தது. மலாயாவில் அதனை வாணிக நோக்கில் முதன்முதல் பயிரிட்டவர் ஆன்றி ஃபோகொனியே என்னும் பிரெஞ்சுக்காரர்; ஆண்டு 1917; இடம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். செம்பனையின் முதல் தோட்டம் தென்னையின் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்பது வியப்பன்று. அங்கு மண்வெட்டி பிடித்தவர் மொழி எதுவென்பதை அப்பெயரே சொல்லும். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றபோதிலும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. முள் நிறைந்த குலையை ஆடவர் வெட்டிச் சாய்க்க, பெண்டிர் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினர். அவர்தம் லயங்களில் இரவில் எரிந்ததோ, பால் டின்னில் துணித்திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கு.

மெழுகுத்திரியை அவர்கள் அறிந்தது பெரும்பாலும் ஆலயத்திலேதான். பிரிக்பீல்ட்சில் தமிழ் லூதரன் சபையாரின் சீயோன் ஆலயம் 1924இலும், கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928இலும் எழுந்தன. கத்தோலிக்க மரபில் பிப்ரவரி 2ஆம் நாள் மந்திரித்த திரிகளை மக்கள் வீட்டிற்குக் கொண்டு செல்வர். கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒன்றாகத் திரி ஏற்றும் வழக்கமோ, 1839இல் ஹாம்பர்க்கில் விக்கர்ன் என்னும் லூதரன் போதகர் ஏழைச் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது.

இரப்பர் வீழ்ந்து செம்பனை ஓங்கியபின், 1980களில் கொழுப்பமில ஆலைகள் இந்நாட்டிலேயே பெருகின. அதே காலத்திலும் அதன் பின்னரும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தை இழந்தோர் நகர்ப்புறக் குடியிருப்புகளில் குடியேறினர். உதிரிப்பழம் பொறுக்கிய பாட்டியின் பேத்தி இன்று அடுக்குமாடி வீட்டில் அதே செம்பனையின் வெண்தூளைக் காசு கொடுத்து வாங்கி, பால் டின்னில் ஊற்றும் மெழுகில் கலக்கிறாள். பண்டிகை முடிந்தபின் எஞ்சிய துண்டுகளை மறு ஆண்டுக்கென எடுத்துவைப்பதும் உண்டு. எல்லா நிறமும் கலந்தால் மெழுகு பழுப்பேறிவிடும் என்பதால் சிவப்பைத் தனியாகவும் பச்சையைத் தனியாகவும் பிரித்தே வைப்பர்.