பானை ஓட்டில் இருப்பது யாரோட கையெழுத்து?

இன்னைக்கு எபிசோடு மண்பானையைப் பத்தி. பானை மேல இருக்கிற கோடுகளை யார் போட்டாங்க? இந்த ஒரு கேள்வியை வச்சு கொங்கு நாட்டுல இருந்து சீனா வரைக்கும் போயிட்டு வரலாம்.

குமாரபாளையத்துல இருந்து காவிரியைத் தாண்டி பவானி, ஈரோடு, சென்னிமலைன்னு போனா, நொய்யல் கரையில கொடுமணல் வரும். பதிற்றுப்பத்து சொல்ற ‘கொடுமணம்’ இந்த ஊர்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. 1985-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்க அகழாய்வு தொடங்குச்சு. கல்மணி செஞ்ச தடயம், இரும்பு உருக்கின உலை எல்லாம் கிடைச்சது. கூடவே ஏகப்பட்ட பானை ஓடு.

அதுல முதல் வகை, கருப்பு சிவப்புப் பானை. உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளியே சிவப்பு. இதுக்கு ரெண்டு கலர் பெயிண்ட் தேவையில்லை. பானையைக் கவிழ்த்து வச்சு சுட்டாங்க என்பதுதான் பொதுவான விளக்கம். கவிழ்ந்த வாய்க்குள்ள காத்து போகாது, அதனால கருப்பு. வெளிப்பக்கம் காத்து படும், மண்ணுல இருக்கிற இரும்பு சிவந்துடும்.

இன்னொரு வகை கொங்குப் பகுதியில நிறைய கிடைக்குது. வெள்ளைக் களிமண் குழம்புல அலை அலையா கோடு இழுத்து, மேல காவிப் பூச்சு கொடுத்து சுடுவாங்க. செம்பழுப்பு நிறத்துக்கு அடியில அந்த வெளிர் கோடுகள் தெரியும்.

இந்த ரெண்டும் குயவரோட வேலை. சூளைக்குப் போறதுக்கு முன்னாடியோ, சூளைக்குள்ளயோ முடிஞ்சிடுது. ஆனா நிறைய ஓடுகள்ல இன்னொரு கை தெரியுது. சுட்ட பிறகு கூர்மையான ஏதோ ஒண்ணை வச்சு கீறின குறியீடுகள், தமிழி எழுத்துகள். ஈர மண்ணுல கீறினா கோடு வழவழன்னு விழும். சுட்ட பானையில கீறினா ஓரம் பொரிஞ்சு, பூச்சு உடைஞ்சு, உள்மண் தெரியும். அதை வச்சுதான் எப்போ கீறினதுன்னு கண்டுபிடிக்கிறாங்க.

கொடுமணல்ல மட்டும் எழுத்துள்ள ஓடுகள் 500-க்கும் மேல கிடைச்சிருக்கு. பெரும்பாலும் ஆள் பேர். நம்ம வீட்டு எவர்சில்வர் தூக்குல பேர் வெட்டி வச்சிருக்கோமே, அதே கதைதான். கையெழுத்தும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. அதனால பானைக்காரங்களே எழுதியிருக்கணும்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. கல்வெட்டுன்னா அதுக்குப் பின்னாடி அரசனோ, வணிகனோ, மடமோ இருக்கும். பானை ஓட்டுல சோறு தின்ன மனுஷங்களே இருக்காங்க. கொங்கு நாட்டுல எழுத்து எவ்வளவு தூரம் பரவியிருந்ததுன்னு சொல்ற சாட்சி இதுதான்.

இப்போ சீனா. 1921-ல யோகான் குன்னார் ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு நிலவியலாளர் ஹெனான் மாகாணத்துல யாங்ஷாவ் கிராமத்துல தோண்டினார். சிவப்புப் பானையில கருப்பு ஓவியம் வந்துச்சு. பிறகு 1954 முதல் 1957 வரை சியான் நகரத்துக்குப் பக்கத்துல பன்போ தோண்டப்பட்டது. அங்க கிடைச்ச ஒரு வட்டக் கிண்ணத்துல மனுஷ முகம், காதோரம் மீன். பார்க்க விளையாட்டா இருக்கும். ஆனா அந்த மாதிரிக் கிண்ணங்கள், இறந்த குழந்தைகளைப் புதைச்ச பானைகளுக்கு மூடியா இருந்தவை. நம்ம ஊர் முதுமக்கள் தாழி ஞாபகம் வருதுல்ல?

பன்போ கிண்ணங்களோட விளிம்புலயும் கீறல் குறிகள் இருக்கு. சீன எழுத்து இங்கதான் பிறந்ததுன்னு 1972-ல குவோ மோருவோ எழுதினார். வெறும் அடையாளக் குறிதான்னு மத்தவங்க மறுத்தாங்க. காரணம் இடைவெளி. தெளிவா படிக்க முடியுற சீன எழுத்து, பன்போவுக்கு 3,000 வருஷத்துக்கும் பின்னாடி எலும்புகள்லயும் ஆமை ஓடுகள்லயும்தான் வருது.

இதே விவாதம் இப்போ நம்ம வாசல்ல நிக்குது. தமிழ்நாட்டுப் பானைக் குறியீடுகள்ல சுமார் 60 சதவீதம் சிந்துவெளிக் குறியீடுகளோட ஒத்துப்போகுதுன்னு தமிழ்நாடு தொல்லியல் துறையோட ஆய்வு 2025 ஜனவரியில வெளியாச்சு. சிந்து எழுத்தைப் படிச்சுக் காட்டுறவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு முதலமைச்சர் அறிவிச்சார். எனக்கும் உற்சாகம்தான். ஆனா கோடு ஒத்துப்போறது வேற, பொருள் ஒத்துப்போறது வேற. சீன எழுத்துல படுக்கையா மூணு கோடு போட்டா எண் மூணு. உங்க மொபைல்ல அதே மூணு கோடு மெனு. உருவ ஒற்றுமை தேடலைத் தொடங்கி வைக்கும். படிச்சுட்டோம்னு சொல்ல அது போதாது.

அதனாலதான் ஒவ்வொரு ஓடும் எந்த மண்ணடுக்குல, எந்தக் குழியில, எதுக்குப் பக்கத்துல இருந்ததுங்கிறது முக்கியம். கொடுமணல்ல வீடுகள் இருந்த பகுதியிலயும் குறியீடு இருக்கு, கல்லறைகள்லயும் இருக்கு. எது எங்க கிடைச்சதுன்னு தெரிஞ்சாதான் குடும்ப அடையாளமா, குலக் குறியான்னு கேட்கவே முடியும்.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். கொடுமணல் பக்கம் காட்டுல நடக்குறப்போ கீறல் போட்ட ஓடு கண்ணுல பட்டா, போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. ஓட்டை மட்டும் பையில போட்டுக்காதீங்க. உங்க ஷோகேஸுக்கு வந்துட்டா அது அழகான ஓடு, அவ்வளவுதான். இருந்த இடத்துலயே இருந்தா, அது யாரோடதுன்னு ஒருநாள் சொல்லும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.