அச்சகம் யாருடையது?

ஒரு பத்திரிகையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் ஆசிரியர்களின் பெயர்களையே முதலில் தேடுகின்றனர். அதன் உடைமையாளர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும். மலையகத் தமிழ்த் தொழிலாளருக்காக எழுதிய ஏடுகளின் கதை இக்கேள்வியினாலேயே விளங்கும்.

தஞ்சைத் தரணியிலிருந்து இலங்கைக்கு வந்தவர் கோ. நடேசய்யர். அயலார் தோட்டங்களுக்குள் நுழைய முடியாதிருந்த அந்நாளில், புடைவை வியாபாரியாக உட்சென்று லயன்களின் நிலையைக் கண்டறிந்தார். 1921-இல் 'தேசநேசன்', 1924-இல் 'தேசபக்தன்' எனக் கொழும்பிலிருந்து பத்திரிகைகள் நடத்தினார். 1931-இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

அப்பத்திரிகைகள் ஏன் நிலைக்கவில்லை? எவருக்காக எழுதப்பட்டனவோ, அவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர், கடனில் மூழ்கியவர். கடனைச் சீட்டில் எழுதித் தொழிலாளியை அதனோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. விளம்பரம் தரும் வசதி படைத்த ஏஜென்சிக் கம்பெனிகளோ அதே தோட்டங்களை நிர்வகித்தவை. உழைப்பவனிடம் காசில்லை, காசுள்ளவனுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை.

பின்னர் தோன்றி நிலைத்த நாளேடுகளின் உடைமை வேறு வகையானது. 1930-இல் தொடங்கிய 'வீரகேசரி' சுப்பிரமணியம் செட்டியாருடையது. 1932-இல் தொடங்கிய 'தினகரன்' விஜேவர்தனாவின் லேக் ஹவுஸ் நிறுவனத்தினது. மலையகச் செய்திகளை அவை வெளியிட்டதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எதை, எவ்வளவு வெளியிடுவது என்னும் தீர்ப்பு லயன்களில் எழுதப்படவில்லை.

தனியார் கையிலிருந்து உடைமை மாறினால் போதுமோ? 1972-இலும் 1975-இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையே, 1973-இல், லேக் ஹவுஸும் அரசின் பிடிக்குள் வந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் தரும் எஜமானே அவனது குறையை அச்சிட வேண்டிய எஜமானும் ஆனார்! தோட்டங்களைப் பசி வாட்டிய ஆண்டுகளும் அவையே.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடல்களால் தொழிலாளரைத் திரட்டினார். படிக்கத் தெரியாதவர்க்கும் எட்டிய பத்திரிகை அது. அதனை எவரும் விலைக்கு வாங்க இயலவில்லை. ஆனால் பாட்டு பாடுபவரோடு ஓய்ந்துவிடும். அச்சோ ஆவணமாய் நிற்கும். ஆகவே உழைப்போர் தம் சந்தாவால் தாமே உடைமை கொள்ளும் ஏடு வேண்டும். அதுவரை மலையகத்தின் வரலாற்றைப் பிறர் அச்சகங்களே எழுதும்.