தேர்தல் நேர்மையை அளப்பது யார்? கொங்கு வட்டாரத் தேர்தல்களை முன்வைத்து

ஒரு தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று கேட்டால், நம் நாட்டில் அதற்கு அதிகாரப்பூர்வமாகப் பதில் சொல்பவர் அதை நடத்தியவரே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இல் 20பி பிரிவு 1996ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தேர்தல் பார்வையாளர் என்ற பொறுப்புக்குச் சட்ட வடிவம் தந்த அதே பிரிவு, பார்வையாளர் அரசு அலுவலராகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. பொதுப் பார்வையாளர் வேறு மாநிலத்தில் பணியாற்றும் ஐஏஎஸ் அதிகாரி. காவல் பார்வையாளர் ஐபிஎஸ். செலவினப் பார்வையாளர் பெரும்பாலும் வருவாய்ப் பணியைச் சேர்ந்தவர். அவர்கள் கோவைக்கு வந்து இறங்கியதும் கைபேசி எண்கள் நாளிதழ்களில் வெளியாகும். யாரும் புகார் சொல்லலாம். பல வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டதாகக் கருதினால், முடிவு அறிவிக்கும் முன் வாக்கு எண்ணிக்கையையே நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. இது சிறிய அதிகாரம் அல்ல. ஆனால் அவர்கள் எழுதும் அறிக்கை தேர்தல் ஆணையத்துக்குப் போகிறது. பீளமேட்டில் வரிசையில் நின்று வாக்களித்தவர் படிப்பதற்காக அது வெளியிடப்படுவதில்லை.

மேற்பார்வை ஒன்று, மதிப்பீடு வேறொன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலாவதில் நம் அமைப்பு வலுவாக இருக்கிறது. இரண்டாவதற்கு அது இடமே ஒதுக்கவில்லை. தேர்தலை நடத்தாத ஒருவர், தானே எடுத்துச் சரிபார்க்கக்கூடிய தரவு கையில் இருந்தால்தான் மதிப்பீடு செய்ய முடியும். அது இல்லாதபோது ‘நேர்மையாக நடந்தது’ என்பதும் ‘மோசடி நடந்தது’ என்பதும் ஒரே தரத்து நம்பிக்கைகளாகிவிடுகின்றன. வென்றவர் முதலாவதைச் சொல்கிறார், தோற்றவர் இரண்டாவதை.

2005 அக்டோபரில் ஐ.நா. அவையில் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தேர்தல் கண்காணிப்புக் கோட்பாடுகள், பார்வையாளர் தம் முறையையும் முடிவையும் பொதுவில் வைக்க வேண்டும் என்றும், வாக்குப்பதிவு நாளை மட்டுமல்லாமல் முன்னும் பின்னுமான முழுக் காலத்தையும் நோக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. எல்க்லிட், ஸ்வென்சன் இருவரும் 1997இல் ‘ஜர்னல் ஆஃப் டெமாக்ரசி’ இதழில் எழுதிய கட்டுரையும் தேர்தலை இப்படி மூன்று காலமாகப் பிரித்தே அளக்கச் சொன்னது. இந்தியாவுக்கு 2024 மக்களவைத் தேர்தலின்போது 23 நாடுகளிலிருந்து 75 பேராளர்கள் வந்தார்கள். ஆணையத்தின் அழைப்பில், ஆணையம் வகுத்த நிகழ்ச்சி நிரலில் சில நாள் சுற்றிப் பார்ப்பது வருகைதான். இந்தக் கோட்பாடுகள் கேட்கும் கண்காணிப்பு அது அல்ல.

வெளிநாட்டார் வந்து முழுமையாகக் கண்காணித்தாலும் போதாது என்பதற்குக் கென்யா சாட்சி. 2017 ஆகஸ்டில் பன்னாட்டுக் குழுக்கள் அங்கே வாக்குப்பதிவைப் பாராட்டிவிட்டன. செப்டம்பர் 1ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே செல்லாது என்றது. வாக்குச்சாவடி அளவிலான 34ஏ படிவங்கள் எல்லாம் வந்து சேரும் முன்பே முடிவு அறிவிக்கப்பட்டது அதற்கு முக்கியக் காரணம். பார்வையாளர்கள் வரிசையையும் பெட்டியையும் பார்த்தார்கள், தாளைப் பார்க்கவில்லை. 2022 தேர்தலில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படிவங்கள் இணையத்தில் எல்லோருக்கும் வைக்கப்பட்டன. ஊடகங்களும் மாணவர்களும் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள்.

நம்மிடமும் அப்படியொரு தாள் இருக்கிறது. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும். பூத் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு, கணக்குப் பார்த்து, அவற்றை அழித்து, விவிபேட் சீட்டுகளைக் கருப்பு உறையில் இட்டு முத்திரை வைக்கிறார்கள். மாலையில் கடைசி வாக்காளர் வெளியே போனதும் வாக்குச்சாவடி தலைமை அலுவலர் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தி, இயந்திரம் காட்டும் மொத்த எண்ணை 17சி படிவத்தில் எழுதுகிறார். அங்கே இருக்கும் ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் சான்றிட்ட நகல் கிடைக்கிறது. எண்ணிக்கை நாளன்று, 2024 ஜூன் 4ஆம் தேதி தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்ததைப் போல, மேசைக்கு வரும் இயந்திரத்தின் எண்ணும் அந்தத் தாளின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஏஜென்ட் பார்க்கலாம். இந்தியத் தேர்தலில் அரசு அலுவலர் அல்லாத ஒருவர் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான். ஆனால் எல்லாச் சாவடிகளிலும் ஆள் போட வசதியுள்ள கட்சிக்கு மட்டுமே முழுக் கட்டும் சேரும். சுயேச்சைக்கும் சிறு கட்சிக்கும் கிழிந்த கணக்கே மிச்சம்.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 17சி விவரங்களைப் பொதுவில் வெளியிடக் கோரியபோது, படங்களைத் திருத்திக் குழப்பம் விளைவிக்கக்கூடும் என்றும், சட்டம் ஏஜென்ட்டுக்கு மட்டுமே நகல் தரச் சொல்கிறது என்றும் ஆணையம் எதிர்த்தது. 2024 மே 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கவில்லை. மறுநாளே முதல் ஐந்து கட்டங்களில் பதிவான வாக்குகளின் முழு எண்ணிக்கையைத் தொகுதிவாரியாக ஆணையம் வெளியிட்டது. ஆணையத்தின் வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தேர்தல் முடிந்தபின் சாவடிவாரி முடிவு படிவம் 20 வழியாக ஏற்கெனவே வெளியாகிறது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதைக் கட்சிக்காரர்கள் அதிலேயே படித்துவிடுகிறார்கள். பல சாவடிகளைக் கலந்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை 2008இல் ஆணையமே முன்மொழிந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. தெரு அளவில் ரகசியம் போகும் அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்ட நாம், வெறும் மொத்த எண் மட்டுமே உள்ள ஒரு தாளை ஏன் மறைக்க வேண்டும்?

தாள் சரியாக இருந்தாலும் தேர்தல் நேர்மையாகிவிடாது. கொங்கு வட்டாரத்தில் வாக்குப்பதிவு நாள் பெரும்பாலும் அமைதியாக முடிகிறது. சிக்கல் முந்தைய இரவுகளில் இருக்கிறது. 2016 மே மாதம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவு இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, மே 28 அன்று அறிவிக்கையே ரத்தானது. பணத்துக்காகச் சட்டப்பேரவைத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு ராதாகிருஷ்ணன் நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று வரிசை நீண்டது. மற்ற மாநிலங்களுக்கு முன்பாக இந்த அவப்பெயரைச் சுமப்பது தமிழ்நாடு என்பது வேதனையானது. அரவக்குறிச்சியில் நவம்பர் 19 அன்று மறுபடி தேர்தல் நடந்தபோது இரு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. சாவடி கைப்பற்றலுக்கு 58ஏ பிரிவு இருப்பதுபோல் லஞ்சத்துக்கு 58பி வேண்டும் என்று ஆணையம் கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. இங்கே செலவினப் பார்வையாளரின் வேலை பறிமுதலோடு நின்றுவிடுகிறது. பறிமுதலான தொகை பிடிபட்டதன் அளவு. கொடுக்கப்பட்டதன் அளவு அல்ல. தொகை கூடினால் பட்டுவாடா கூடியதா, சோதனை கூடியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது.

வாக்காளர் பட்டியலுக்கும் இதே குறைதான். 2024 ஏப்ரல் 19 அன்று கோவை மக்களவைத் தொகுதியில் பெயர் விடுபட்ட புகார்கள் குவிந்தன. ஒரு லட்சம் பேர் விடுபட்டதாக வேட்பாளர் ஒருவர் சொன்னார். உண்மையா? உறுதிப்படுத்தவும் மறுக்கவும் ஒரு வழி இருக்கிறது: பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து வீடு தேடிப் போவது, வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து அங்கே இருப்பவர் பட்டியலில் உண்டா என்று பார்ப்பது. முதலாவது போலிப் பெயர்களையும் இறந்தவர் பெயர்களையும் காட்டும். இரண்டாவது விடுபட்டவரைக் காட்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதி உண்மைதான். அந்த ஒரு லட்சத்தை இரண்டு முறையிலும் சோதித்த மதிப்பீடு எதுவும் வாக்காளர் முன் வைக்கப்படவில்லை. குற்றச்சாட்டும் மறுப்பும் மட்டுமே மிஞ்சின. 2025 இறுதியில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொல்லப்பட்டது. சரியான நீக்கமும் இருக்கும், தவறான நீக்கமும் இருக்கும். எது எவ்வளவு என்பதை மொத்த எண் சொல்லாது. பீளமேடு போன்ற இடத்தில் இது வெறும் கணக்கு அல்ல. லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் வாடகைக்கு இருப்பவர் அடிக்கடி வீடு மாறுவார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் நேரத்தில் அவர் மில்லிலோ பட்டறையிலோ ஷிஃப்டில் இருப்பார். சொந்த வீட்டுக்காரரைவிட அவர் பெயர் விடுபட வாய்ப்பு அதிகம் என்றால், பட்டியல் ஒரு வர்க்கத்துக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது. யாரும் திட்டமிடாமலே அப்படிச் சாய முடியும்.

குடிமக்கள் கண்காணிப்புக்கு இலங்கை நமக்கு மூத்தது. 1987இல் தோன்றிய பஃப்ரல் அமைப்பின் தொண்டர்கள் அங்கே வாக்குச்சாவடிக்குள் போகிறார்கள். 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலின் பெரும் முறைகேடுகளைப் பதிவு செய்தவை இத்தகைய அமைப்புகளே. முடிவு மாறவில்லை, ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. இங்கே 20பி பிரிவைத் திருத்தாமலே இதைத் தொடங்கலாம். தேர்தல் நடத்தை விதிகள், 1961இன் 49டி விதி, ஆணையம் அதிகாரமளித்த நபர்களைச் சாவடிக்குள் அனுமதிக்கிறது. செய்தியாளர் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான். தமிழ்நாட்டில் கட்சி சாராத தொண்டர் கிடைப்பாரா என்ற மறுப்பு நியாயமானது. எந்தச் சாவடிக்குப் போவது என்பதைத் தொண்டர் தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் தேர்ந்தெடுக்க, கேள்வித்தாளும் நிதி வரவும் முன்கூட்டியே வெளியாக, வேறு வேறு சாய்வுள்ள இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால், தனி மனிதரின் சாய்வு முடிவைக் கெடுப்பது கடினம்.

பட்டியல் தணிக்கைக்கு அந்த அனுமதிகூடத் தேவையில்லை. பட்டியல் பொது ஆவணம். கணினியில் தேடக்கூடிய வடிவில் அதைத் தர உத்தரவிட உச்ச நீதிமன்றம் 2018இல் மறுத்துவிட்டதால் படக் கோப்பிலிருந்து கையால் படியெடுக்க வேண்டும். அது உழைப்பு, தடை அல்ல. கோவைக் கல்லூரிகளின் புள்ளியியல் துறைகள் இரண்டு பருவ மாணவரைக் கொண்டு இதை முடிக்கலாம். கெடு ஒன்றுதான். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. தணிக்கை முடிவு அதற்குச் சில வாரங்கள் முன்பே வெளிவந்தால், விடுபட்டவர் படிவம் 6 கொடுக்க நேரம் இருக்கும்.