சிஷ்யன் எழுதிய படம்

தைல வர்ணத்தில் படம் எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. காலண்டரிலிருந்து மோனா லிஸாவைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். கண்ணும் மூக்கும் ஒருவாறு வந்துவிட்டன. உதட்டோரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே கோடு என்று ஒன்றுமே இல்லை. வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தானே எழுத? துணிந்து ஒரு கோடு இழுத்தேன். அந்த அம்மாளுக்கு மீசை முளைத்துவிட்டது! அன்று கழுவி வைத்த தூரிகையை அப்புறம் நான் தொடவில்லை.

கோடில்லாத அந்த எழுத்துக்கு இத்தாலியர் 'ஸ்புமாத்தோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகையிலிருந்து பிறந்த சொல். 2010-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எக்ஸ்-ரே கதிர்களைக் கொண்டு லியொனார்டோவின் முகங்களை ஆராய்ந்தார்கள். கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சின்மேல் பூச்சாக மனிதர் பூசிக்கொண்டே போயிருக்கிறார். அத்தனையும் சேர்ந்து கனம் என்னவோ ஒரு மில்லிமீட்டரில் 100-ல் 4 பங்குதான். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. தைலமோ சாவகாசமாகக் காய்கிற வஸ்து. 1503 வாக்கில் தொடங்கிய படத்தை அவர் வருஷக்கணக்காகத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த வித்தையை வாயால் சொல்லித் தர முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதைச் செய்து பார்க்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்த ஒருவனைப் பற்றி 2012-ல் உலகத்துக்குத் தெரிய வந்தது.

மாட்ரிட் நகரத்துப் பிராடோ மியூசியத்தில் மோனா லிஸாவின் நகல் ஒன்று வெகுகாலமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் மலை கிடையாது, ஆறு கிடையாது, ஒரே கறுப்பு. பிற்காலத்து ஆசாமி யாரோ செய்தது என்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. லூவ்ர் கண்காட்சிக்கு அனுப்புவதற்காகச் சோதித்தபோது, கறுப்பு பின்னால் வந்தவர்கள் பூசியது என்று தெரிந்தது. அதை நீக்கினால், அடியில் மலையும் பாதையும் நீரும் பத்திரமாக இருக்கின்றன! ஓக் என்று நினைத்திருந்த பலகையும் வால்நட்டாக இருந்தது. லியொனார்டோவே கையாண்ட மரம் அது.

பெரிய சேதி அகச்சிவப்புக் கதிரில் கிடைத்தது. வர்ணத்துக்கு அடியில் புதைந்த ரேகைகளை அது காட்டிவிடும். லியொனார்டோ எழுதும்போதே மனம் மாறி, இடுப்பின் வளைவையும் விரல்களின் இடத்தையும் திருத்தியிருக்கிறார். அதே திருத்தங்கள் நகலுக்கு அடியிலும் இருந்தன. முடிந்த படத்தைப் பார்த்து எழுதியவனுக்கு இது எப்படித் தெரியும்? குரு அழித்தபோது அவனும் அழித்திருக்கிறான்.

ஸலாயியா, மெல்ஸியா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். யாராயிருந்தால் என்ன, குருவின் புகை அவன் கைக்கு வரவில்லை. முகம் பளிச்சென்று, சற்று முரடாகவே இருக்கிறது. ஆனால் அசல் இன்று பழுப்பேறிய வார்னிஷுக்குள் மங்கிக் கிடக்கிறது, புருவம்கூடத் தெரிவதில்லை. சிஷ்யனின் பலகையில் புருவம் இருக்கிறது, சட்டைக் கையின் சிவப்பு இருக்கிறது, மெல்லிய முக்காட்டின் ஓரம் இருக்கிறது. குருவின் படத்தில் மறைந்ததைத் தெரிந்துகொள்ள அறிஞர்கள் இப்போது இவனிடம்தான் வருகிறார்கள்.

அந்த நகலைப் பத்திரிகையில் பார்த்ததும் நான் முதலில் தேடியது உதட்டோரத்தைத்தான். அங்கே அவனுக்கும் கை தயங்கியிருக்கிறது.