டாக்டர் கதாநாயகன்: காவிரிக் கரைக்காரர்களும் ஆஸ்பத்திரிப் படங்களும்

தமிழ்ப் படத்தில் டாக்டர் கதாநாயகனாக வேரூன்றியது 1960களின் தொடக்கத்தில். 1961-ல் ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ வந்தது. தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட சிவாஜி கணேசன், அதில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர் ரவி. நர்ஸாக இருந்து மனைவியான சாந்திக்குக் காசநோய் வருகிறது. ஆராய்ச்சிக்கூட விபத்தில் ரவியின் பார்வை போகிறது. அடுத்த ஆண்டு ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. முழுப் படத்துக்கும் ஆஸ்பத்திரி செட் ஒன்றே. படப்பிடிப்பு ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்தது. பழைய காதலியின் கணவனைப் பிழைக்கவைத்துவிட்டு டாக்டர் இறந்துபோகிறார்.

ஹாலிவுட்டில் இந்த வகைப் படம் வேறு வழியில் வளர்ந்திருந்தது. மாக்ஸ் பிராண்ட் என்ற புனைபெயரில் எழுதியவர் படைத்த டாக்டர் கில்டேரை, எம்.ஜி.எம். நிறுவனம் 1938 முதல் தொடர்ப்படங்களாக எடுத்தது. கில்டேராக லூ அயர்ஸ். அவரை அதட்டி வேலை கற்றுத்தரும் மூத்த டாக்டர் கில்லெஸ்பியாக லயனல் பாரிமோர். 1942-ல் உலகப் போரில் அயர்ஸ் ஆயுதம் ஏந்த மறுத்ததும் கில்டேரைக் கழற்றிவிட்டு, கில்லெஸ்பியை வைத்தே 1947 வரை படங்கள் தொடர்ந்தன. பயிற்சி டாக்டர் படத்துக்குப் படம் தொழில் கற்பதுதான் அங்கே சுவை. தமிழ் டாக்டரோ முதல் காட்சியிலேயே கைதேர்ந்தவர். அவருக்குக் கற்க ஒன்றும் இல்லை, இழக்கத்தான் உண்டு.

இந்த வகையை டாக்டரிடமிருந்து நோயாளியின் கட்டிலுக்கு நகர்த்தியவர் கே. பாலசந்தர். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் நன்னிலம் அருகே நல்லமாங்குடியில் பிறந்தவர். முத்துப்பேட்டைப் பள்ளியில் ஆசிரியர், பிறகு சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.) ஆபீஸ் ஊழியர். ஆபீஸ் வேலைக்கு நடுவே அவர் மேடையேற்றிய நாடகம் ‘நீர்க்குமிழி’. ஏ. கே. வேலன் தயாரிப்பில் 1965-ல் அது படமானது. பாலசந்தர் இயக்கிய முதல் படமும் அதுவே. கதை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போவதில்லை. மேடைக்காக எழுதப்பட்டது என்பதும், ஒரே வார்டு என்றால் செலவு குறைவு என்பதும் இதற்குக் காரணமாகியிருக்கும். ஆனால் அந்த நெருக்கடியே படத்துக்குப் பலம். மேஜர் சுந்தரராஜனும் சௌகார் ஜானகியும் டாக்டர்களான தந்தையும் மகளும். மூத்தவர் இளையவரை உருவாக்கும் கில்லெஸ்பி–கில்டேர் உறவுக்குத் தமிழில் கிட்டே வருவது இந்த ஜோடிதான். இருந்தும் படம் அவர்களுடையதன்று. சாவு நெருங்குவது தெரியாமல் வார்டையே சிரிக்கவைக்கும் சேதுவாக வந்த நாகேஷுடையது. நகைச்சுவை நடிகர் ஒருவர் தலைமேல் இப்படிப்பட்ட கதையை ஏற்றியது அன்றைக்குத் துணிச்சல்தான். வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் அதன் புகழ்பெற்ற பாடலை எழுதிய சுரதா, பாடிய சீர்காழி கோவிந்தராஜன் இருவரும் காவிரிப் படுகைக்காரர்களே.

இந்தப் படங்கள் வந்தபோது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி புதிது. 1950களின் கடைசியில் தொடங்கியது. மாணவர்கள் பயின்ற ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி அதற்கு வெகு முந்தையது. அதற்கும் முன்னால், இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகால் அமைத்து நாட்டு வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் சேர்த்து நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்கு எழுதிவைத்த குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. இத்தனை இருந்தும், தொழில் கற்கும் இளம் டாக்டரின் கதையை அந்தக் காலத்துத் தமிழ் சினிமா தேடவில்லை. 1975-ல் ‘டாக்டர் சிவா’வில் சிவாஜி மறுபடி டாக்டரானார், அதுவும் தனிக்கதைதான், ‘பாலும் பழமும்’ ரவியின் தொடர்ச்சியன்று.