மந்தும் மன்றும்

காஞ்சிபுரத்திலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு உதகைக்குப் பேருந்தில் சென்றிருந்தோம். முத்தநாடு மந்துக்கு எங்கள் பயணநிரலில் ஒதுக்கப்பட்டிருந்தது அரைமணி நேரம். புல்வெளி நடுவே தோடர் கோயிலைக் காட்டிய வழிகாட்டி, "இவங்க பேசறது சிதைஞ்ச தமிழ்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். தமிழாசிரியனான நான் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். அதற்குள் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திவிட்டார். அந்தக் கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

தோடர் மொழி தமிழின் சிதைவு அன்று; தென்திராவிடக் கிளையில் தனித்து வளர்ந்த மொழி. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்திலேயே கால்டுவெல் அதனைத் தனி மொழியாகக் கணக்கிட்டார். ரகர றகரங்களை நம் பேச்சில் நாம் வேறுபடுத்துவதே அரிதாகிவிட்டது. தோடரோ மூவிடங்களில் பிறக்கும் ரகரங்களைப் பிரித்து ஒலிக்கின்றனர். எழுத்தில்லாத அம்மொழியின் பாடல்களை 1930-களில் நேரில் கேட்டுப் பதிவு செய்த எமனோ, 1971-இல் அவற்றை நூலாக்கினார். பர்ரோவும் அவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லை நம் மன்று, மந்தை ஆகியவற்றோடு ஒரே பதிவில் வைக்கிறது. நம் இலக்கியத்திலும் மன்று என்பது அவை மட்டுமன்று, ஆநிரை கூடும் இடமுமாகும். ஆங்கிலேயர் வழங்கிய 'ஊட்டகமண்ட்' என்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த மந்து, 'உதகமண்டலம்' ஆனபோது மண்டலத்துள் மறைந்தது.

பெயரோடு இழப்பு நிற்கவில்லை. 1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அங்கே வீடு கட்டியது தொடங்கி, மேய்ச்சல் நிலத்தில் நகரம் எழுந்தது. யூகலிப்டசும் சீகையும் தேயிலையும் பரவின. புல் குறைய எருமை குறைந்தது. தோடரின் சடங்குகளும் பாடல்களும் எருமையையும் பால்மனையையும் சுற்றி அமைந்தவை. தோடர் இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே.

அயர்லாந்திலும் சுற்றுலாப் பேருந்துகள் ஐரிஷ் பேசும் மேற்குக் கரைக்குச் செல்கின்றன. 1925-இல் ஆணையம் அமைத்து அப்பகுதிகளை வரையறுக்க முனைந்த அந்நாடு, 2005 முதல் அங்குள்ள சாலைப் பலகைகளில் ஐரிஷ் ஊர்ப்பெயர்களையே எழுதுகிறது. அதனால் மட்டும் அங்கே மொழி தழைத்துவிடவில்லை. ஆயினும், வருகிறவன் கண்ணில் அந்த மொழி படுகிறது.

திரும்பும் வழியில், நெசவுக் குடும்பத்து மாணவி ஒருத்தி தான் வாங்கிய தோடர் பூவேலைத் துணியை விரித்தாள். வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பின்புறம் திருப்பிப் பார்த்தவள், "இதுக்கு அவங்க பாஷையில என்ன பேரு சார்?" என்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் அவள். வழிகாட்டியின் பேச்சுக்கு அவள் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.