கழுத்து நாடியும் பக்கவாதமும்: ஓர் அறுவை மருத்துவத்தின் வரலாறு

பக்கவாதம் மூளையைப் பற்றிய நோய் என்பதை யாவரும் அறிவர். நம் முன்னோர் பாரிசவாயு என வழங்கிய இந்நோய், ஒருவரது கையையும் காலையும் ஒரு நொடியில் செயலறச் செய்து, சில வேளை நாவையும் கட்டிவிடுகிறது. ஆயினும் மூளையில் தோன்றும் இக்கேட்டின் வேர் பல சமயங்களில் மூளையிலே இல்லை. தாடைக்குக் கீழே, விரலால் தொட்டுணரக்கூடிய கழுத்து நாடியில் இருக்கிறது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் உறுதியாகப் பற்றிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். விரல் நுனிக்கு எட்டிய ஒன்று அறிவுக்கு எட்ட ஏன் இத்துணைக் காலமாயிற்று? எட்டிய பின்னர், அதற்குச் செய்யப்பட்ட அறுவை மருத்துவம் நன்மை தருவதுதான் என்று மெய்ப்பிக்க மேலும் 37 ஆண்டுகள் ஏன் கடந்தன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடியின் அமைப்பு

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் நான்கு. கழுத்தின் முன்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு. முதுகெலும்பின் வழியே பின்புறத்தில் இரண்டு. முன்புற நாடி, குரல்வளையின் மேல்விளிம்பை ஒட்டிய இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும், மற்றொரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும் செல்கின்றன. இந்தக் கவையிலேதான் கொழுப்பும் சுண்ணாம்பும் நாளடைவில் படிந்து தடித்து, குருதி செல்லும் வழியைச் சுருக்குகின்றன. அப்படிவின்மேல் உறையும் குருதித் துணுக்குகள் பெயர்ந்து மேலே சென்று மூளையின் நுண்குழாய்களை அடைக்கும். சுருக்கம் மிகுந்தால் குருதியோட்டமே குன்றுவதும் உண்டு. வலப்புற நாடி பழுதுற்றால் இடப்புறக் கைகால்கள் செயலறும். ஏனெனில் மூளையின் ஒரு பாதி உடலின் மறுபாதியை ஆள்கிறது.

பழையோர் கண்டதும் காணாததும்

மேலைநாட்டு மொழிகளில் இந்நாடிக்கு வழங்கும் பெயரே கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. அச்சொல்லின் பொருள் ஆழ்ந்த மயக்கம். இந்நாடியை அழுத்தினால் மனிதன் மயங்கி வீழ்வான் என்று பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் அதனைப் பக்கவாதத்தோடு இணைத்து நோக்கவில்லை.

1658ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான யோகான் யாக்கோப் வெப்ஃபர், இறந்தோர் உடல்களை ஆய்ந்து, பக்கவாதத்தால் மாண்ட சிலரின் மூளையில் குருதி கசிந்திருந்ததை எடுத்துக் காட்டினார். 1664இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், நான்கு குழாய்களும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைவதை விளக்கி நூல் எழுதினார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், இலண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தைப் பின்னாளில் கட்டிய கிறிஸ்டபர் ரென். ஒருபக்கக் கழுத்து நாடி முற்றும் அடைபட்டிருந்தும் பக்கவாதமின்றி வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் வில்லிஸ் குறித்துள்ளார். ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் ஈடு செய்கின்றன என்பது அவர் கண்ட விளக்கம்.

நாடி அடைபட்டும் நோயின்றிச் சிலர் வாழ்ந்தமையால், அடைப்புக்கும் நோய்க்கும் உள்ள உறவு ஐயத்துக்குரியதாயிற்று. அதனினும் பெரிய தடை பிணப் பரிசோதனைச் சாலையிலே இருந்தது. பக்கவாதத்தால் இறந்தவரின் மண்டையைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், கழுத்தைத் திறந்து பார்ப்பது அரிதாக இருந்தது. தேடாத இடத்தில் விடை கிடைக்குமோ? 1914இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராம்சே ஹண்ட், பக்கவாத நோயாளரின் கழுத்து நாடியையும் ஆராய வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் சொல் பரவலாக எடுபடவில்லை. 1927இல் போர்த்துக்கல் நாட்டின் எகாஸ் மோனிஸ், நாடியில் மருந்தேற்றி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையைக் கண்டார். அதன்பின் உயிரோடிருப்பவரின் கழுத்து நாடி அடைப்பையும் கண்ணாற் காண வழி பிறந்தது.

"தவறான" கண்

இவ்விடத்தில் கனடா நாட்டு மருத்துவர் மில்லர் ஃபிஷரின் பணி முதன்மை பெறுகிறது. பக்கவாதம் கண்ட நோயாளி ஒருவர், நோய் வருமுன் ஒரு கண்ணில் பார்வை சிறிது நேரம் மறைந்து மீண்டதாக அவரிடம் கூறினார். கேட்கச் சிறிய செய்தி. ஆனால் அதில் ஒரு புதிர் இருந்தது. மூளையின் வலப்பாதி கெட்டால் இடப்புறத்துப் பார்வையன்றோ குன்ற வேண்டும்? அவருக்கோ செயலற்ற கைகாலுக்கு எதிர்ப்புறத்துக் கண்ணே இருண்டது. ஒருபுறத்து மூளைக்கும் அதே புறத்துக் கண்ணுக்கும் பொதுவான வாயில் யாது? கழுத்து நாடியின் உட்கிளை ஒன்றே. எனவே கேடு அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஃபிஷர் தெளிந்தார். பிணப் பரிசோதனைகளில் கழுத்தையும் திறந்து ஆய்ந்தார். 1951இல் தம் முடிவுகளை வெளியிட்டபோது, அடைபட்ட இடத்தைக் கடந்து குருதியைச் செலுத்தும் வழியை அறுவை மருத்துவம் ஒரு நாள் காணக்கூடும் என்றும் எழுதினார்.

முதல்வர் யார்?

அந்த நாள் விரைவிலேயே வந்தது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் கரெயா, மோலின்ஸ், மர்ஃபி ஆகிய மூவர், நோயுற்ற பகுதியை நீக்கி, முகத்துக்குச் செல்லும் கிளையை மூளைக்குச் செல்லும் கிளையோடு இணைத்தனர். இச்செய்தி அச்சேறியது 1955இல்.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, 53 வயதுடைய பஸ் ஓட்டுநர் ஒருவரின் நாடியைத் திறந்து, உள்ளே தடித்திருந்த படிவை உரித்தெடுத்துத் தைத்து மூடினார். குழாயின் உட்படிவை இவ்வாறு உரித்தெடுக்கும் முறையை 1946இல் லிஸ்பன் நகரின் சிட் டோஸ் சாந்தோஸ் கால் நாடியில் செய்து காட்டியிருந்தார். டிபேக்கியின் நோயாளி மீண்டும் பக்கவாதம் காணாமல் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அவ்வரலாறு விரிவாக வெளிவந்தது 1975இல்.

1954ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோரின் கைக்கு வந்தவர் 66 வயது மூதாட்டி. அவருக்குக் குறுகிய நேரம் வந்து நீங்கும் தாக்குதல்கள் 33 முறை நேர்ந்திருந்தன. நாடியைக் கவ்வி நிறுத்தும் வேளையில் மூளை குருதியின்றி வாடுமே என்ற அச்சத்தால், அவருடலைப் பனிக்கட்டியால் 28 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தனர். பழுதான கவையை வெட்டியெடுத்து முனைகளை இணைத்தனர். குருதியோட்டம் நின்றிருந்தது 28 நிமிடங்கள். மூதாட்டி நலமுற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே 'லான்செட்' இதழில் இது வெளியாயிற்று. உலகெங்கும் அறுவை மருத்துவர்களின் கருத்தை ஈர்த்தது இக்கட்டுரையே.

ஆக, முதற் பெருமை யாருக்கு? முதலில் நாடியைச் சீரமைத்தது புவெனஸ் அயர்ஸ். இன்று வழங்கும் உரித்தெடுக்கும் முறையில் முதல் வெற்றி கண்டது ஹூஸ்டன். முதலில் உலகுக்கு அறிவித்தது இலண்டன். "முதன் முதலில்" என்று பாடநூலில் காணும்போதெல்லாம், "எதில் முதல்?" என்று மாணவரைக் கேட்கப் பழக்குவது வரலாற்று ஆசிரியரின் கடமை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

வெற்றியைச் சோதித்த காலம்

அடுத்த முப்பதாண்டுகளில் இம்மருத்துவம் காட்டாறு போலப் பெருகியது. அமெரிக்காவில் 1971இல் ஏறத்தாழ 15,000 பேருக்குச் செய்யப்பட்டது, 1985இல் 1,07,000 பேராக உயர்ந்தது. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யும் இவ்வறுவையே சிலருக்குப் பக்கவாதத்தை உண்டாக்கிவிடும். அறுவையின்றி விட்டிருந்தால் எத்தனை பேர் நோயுற்றிருப்பர் என்று தெரியாமல், நலமடைந்தோரை மட்டும் எண்ணி வெற்றி கொண்டாடுவது கணக்காகாது.

1985இல் ஒரு பேரதிர்ச்சி நேர்ந்தது. மண்டைக்கு வெளியே உள்ள நாடியை உள்ளே உள்ள நாடியோடு இணைக்கும் மற்றோர் அறுவையைக் கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1,377 நோயாளரிடம் சோதித்தனர். அதனால் பயனில்லை என்பது முடிவாயிற்று. 1988இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அமெரிக்க முதியோருக்குச் செய்யப்பட்ட கழுத்து நாடி அறுவைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேவையற்றவை, மற்றுமொரு பங்கு ஐயத்துக்குரியவை என்று கூறிற்று.

எனவே கழுத்து நாடி அறுவையும் துலாக்கோலில் ஏற்றப்பட்டது. முன்னரே அறிகுறி கண்ட நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் சிறந்த மருந்து. ஒரு பிரிவினருக்கு மட்டும் அறுவையும் சேர்ந்தது. 1991இல் வட அமெரிக்க முடிவு வந்தது. நாடி 70 முதல் 99 விழுக்காடு சுருங்கிய 659 பேரில், இரண்டாண்டுகளுக்குள் அப்பக்கத்துப் பக்கவாதம் கண்டோர், மருந்து மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 26. அறுவை பெற்றவருள் நூற்றுக்கு 9. அறுவையால் விளைந்த பக்கவாதங்களும் இந்த 9இல் அடங்கும். ஏறத்தாழ ஆறு பேருக்கு அறுவை செய்தால் ஒருவர் காக்கப்படுகிறார் என்பது இதன் பொருள். நன்மை இவ்வளவு தெளிவாயிருந்தமையால், கடுஞ்சுருக்கம் உடையோரைப் பொறுத்தவரை சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டனர். அதே ஆண்டில் ஐரோப்பியச் சோதனையும் கடுஞ்சுருக்கத்துக்கு அறுவை நன்று, சிறு சுருக்கத்துக்கு வேண்டா என்றது. 50 முதல் 69 விழுக்காடு வரை நன்மை மிதமானது, 50க்குக் குறைந்தால் நன்மையில்லை என்று 1998இல் தெளிவாயிற்று. அறிகுறி தோன்றி இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பயன் மிகுதி என்பதும் பின்னர் அறியப்பட்டது.

அறிகுறியே இல்லாதவர் நிலை வேறு. 1995இல் வெளிவந்த சோதனையில் ஐந்தாண்டுக் கணக்கு நூற்றுக்கு 11க்கு எதிராக 5 என்றே அமைந்தது. அதன்பின் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் பெரிதும் முன்னேறிவிட்டமையால், இவர்களுள் யாருக்கு அறுவை வேண்டும் என்பது அறிஞரிடையே வாதத்துக்குரியதாகவே உள்ளது. வலைக்குழாய் பொருத்தும் முறையும் இப்போது உண்டு. 2,502 பேரிடம் நடந்து 2010இல் முடிவு வெளியான சோதனையில், வலைக்குழாய் முறையில் பக்கவாதமும் அறுவையில் மாரடைப்பும் சற்று மிகுந்து காணப்பட்டன.

நாம் கொள்ள வேண்டியது

ஆசிய மக்களிடத்தில், கழுத்து நாடியினும் மண்டைக்குள் இருக்கும் நாடிகள் சுருங்குவது மேலைநாட்டாரை நோக்க மிகுதி. ஆதலின் பக்கவாதம் அனைத்துக்கும் கழுத்தே காரணம் என்று கொள்ளலாகாது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றை அடக்குவதே எல்லார்க்கும் பொதுவான முதற்காப்பு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் இருண்டு தெளிதல், ஒரு கை சற்று நேரம் மரத்து மீளல், பேச்சு குழறிச் சீராதல் இவற்றையெல்லாம் பித்தம் என்றும், வாயு என்றும், களைப்பு என்றும் சொல்லி, "தானே சரியாகிவிட்டது" என அமைதி கொள்வோர் நம்மிடையே பலர். அது நாடி விடுக்கும் எச்சரிக்கை. இலண்டன் மூதாட்டிக்கு அவ்வெச்சரிக்கை 33 முறை கிட்டிற்று. பலருக்கு ஒருமுறைகூடக் கிட்டுவதில்லை. கிட்டிய ஒருமுறையைப் பயன்படுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்பவர், முந்நூறாண்டு ஆராய்ச்சியின் பயனைப் பெற்றவராவார். இதனை வகுப்பில் மாணவர்க்குச் சொல்லிவைத்தால், அவர்கள் வழியே அது வீட்டிலுள்ள பெரியோர் செவிக்கும் சென்று சேரும்.